சிம்மக்கல் வீட்டு மனு

கொஞ்சம் காலை அங்கிட்டு நகத்திக்கிறீங்களாண்ணே? இந்தப் பையைக் கீழ வைக்கணும். மேல தட்டுல வைக்க மனசு வரல, பிரேக் போட்டா சரிஞ்சிரும். இது நிமிந்தே இருக்கணும். உள்ள பெருசா ஒண்ணுமில்ல, காயிதந்தான். காயிதமும், பதினேழு சின்னக் கவர்ல பெயிண்ட்டுப் பொருக்கும். ஆமா, பெயிண்ட்டுத்தான். ஜன்னல்ல இருந்து உதிர்ந்தது. ஒவ்வொரு கவர்லயும் தேதி, நேரம், எந்த ஜன்னல், எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன்.

இந்த பஸ்ஸு மானாமதுரைக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிருமா? உள்ள போனா இருவது நிமிசம் வீணாப் போயிரும். நான் பார்த்திபனூர்ல இறங்கணும். மாமியார் வீடு. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு வரப் போறேன். போயி நாலு மாசமாச்சு. சண்டையெல்லாம் இல்லண்ணே. இதுவரைக்கும் வாசுகிய நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. அவளும் அப்படித்தான். ஒரு கேஸ் நடக்குது, அதான். நீங்க ராமநாதபுரமா? அப்ப நேரம் இருக்கு, சொல்றேன்.

எம் பேரு சிற்றரசு. மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்த்தாப்புல மனு டைப் அடிக்கிற கடை இருக்குல்ல, வேப்பமரத்துக்குக் கீழ வரிசையா நாலஞ்சு கடை, அதுல ரெண்டாவது நம்ம கடை. பதினாலு வருசம். பட்டா மாறுதல், விதவைப் பென்சன், ரேசன் கார்டு, சுடுகாட்டுப் பாதை, எம்புட்டு அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா ஒரு பொய் வரி அடிச்சதில்ல. நடக்காததை நடந்ததாப் போடுங்கம்பாங்க. வேற கடை பாருங்கன்னு அனுப்பிருவேன். மனுவுக்கு உயிர் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? அழுகையில இல்ல, "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து"ல இல்ல. இணைப்புல இருக்கு. இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டுன்னு அடுக்கிக் குடுத்தா, தூங்குற கிளார்க்கும் கண்ணாடியத் தேடுவான். இப்படி ஊரான் குறையையே அடிச்சுக்கிட்டு இருந்தவனுக்கு, போன வருசம் சொந்தமா ஒரு குறை கிடைச்சிருச்சு.

வீடு சிம்மக்கல்ல. சந்துக்குள்ள பழைய மச்சு வீடு, கீழ் போர்ஷன் நம்மது. சந்தைப் பாத்து ரெண்டு பெரிய மர ஜன்னல். ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உக்காரலாம், அந்த அகலத்துக்குத் திண்டு. மேல பச்சைப் பெயிண்ட்டு. நகத்தால சுரண்டினா கீழ நீலம், அதுக்குக் கீழ காப்பிக் கலரு, அதுக்கும் கீழ என்னமோ ஒரு செவப்பு. ஒவ்வொரு தலைமுறையும் பழசைச் சுரண்டாம மேலயே அடிச்சிருக்காங்க. ஓனர் தெய்வசிகாமணி, கீழமாசி வீதியில பருப்பு மண்டி வெச்சிருக்காரு. சிகாமணி அண்ணாச்சிம்போம். மோசமான மனுசன்னு சொல்ல மாட்டேன். நல்ல மனுசன்தான் நமக்கு ஆபத்து, சண்டை போட விட மாட்டான்.

எம் மக எழிலு அந்த வீட்லதான் பொறந்தா. அஞ்சு முடியப் போகுது. கை ஊணி நின்னதே அந்தத் திண்டைப் புடிச்சுத்தான். அப்புறம் நாள் முழுக்க அங்கதான். ஐஸ்காரர், கோலமாவுக்காரர், போற வர்ற ஆட்டோ, எல்லாத்துக்கும் டாட்டா. போன வருசம் சித்திரை வாக்குல வயித்து வலின்னா. பூச்சி மருந்து குடுத்தோம். திருநீறு போட்டோம். குடல் ஏறியிருக்குன்னு ஒருத்தர் எண்ணெய் தடவி இழுத்து விட்டாரு. குறையல. சோறு பாத்தாலே அழுகை. அ, ஆ எழுதிக்கிட்டிருந்த பிள்ளை இ, ஈயை மறந்துருச்சு. மிஸ்ஸு கூப்பிட்டு, வீட்ல அடிக்கிறீங்களான்னு வாசுகிகிட்டக் கேட்டாங்க.

கடைசியா கே.கே. நகர்ல ஒரு பிள்ளை டாக்டர். வயசான அம்மா. எல்லாம் கேட்டுட்டு, எந்த மாதிரி வீட்ல இருக்கீங்கன்னாங்க. எனக்கு எரிச்சல். வயித்து வலிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை எதையாச்சும் சுரண்டித் திங்குமான்னாங்க. வாசுகி சொன்னா, ஜன்னல் பொருக்கை வாயில வெச்சுக்கும் மேடம், கேட்டா இனிப்பா இருக்குதுன்னு சொல்லும்னு. அந்தம்மா பேனாவை வெச்சுட்டாங்க. ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பி, எட்டு நாள்ல வந்துச்சு. ஈயம். இருவத்தெட்டு. அஞ்சைத் தாண்டினாலே கவனிக்கணுமாம்.

அந்தம்மா மருந்து எழுதுறதுக்கு முந்திச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல அந்த வீட்டை விட்டுப் பிள்ளையக் கிளப்புங்கன்னு. நான் உடனே, இதை லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வெச்சுக் குடுங்க மேடம்னேன். எழுதிக் குடுத்தாங்க. அதான் இணைப்பு ஒண்ணு. இந்தா பாருங்க, லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்.

நீங்க கேக்க வர்றது தெரியுது. ஏன் கிளம்பலைன்னுதானே? எல்லாரும் கேப்பாங்க. நான் ஏண்ணே கிளம்பணும்? ஆறு வருசம் ஒரு நாள் பிந்தாம வாடகை குடுத்தவன். கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட்டு அடிக்கிறது ஓனர் பொறுப்புன்னு வாடகைச் சட்டத்து அட்டவணையிலயே இருக்கு. பொறுப்பு அவரோடது, மூட்டை கட்டுறது நானா? நான் கிளம்பினா அடுத்து ஒரு கைப்பிள்ளைக்காரன் குடி வருவான். அந்தப் பிள்ளையும் திண்டைப் புடிச்சுத்தானே எந்திரிக்கும்?

அன்னிக்கே அண்ணாச்சிக்கு ஒரு மனு அடிச்சு ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன். மூணு தெரு தள்ளி இருக்கிற மனுசனுக்கு எதுக்குத் தபாலுன்னா வாசுகி. கையில குடுத்தா பேச்சு, தபால்ல போனாத்தான் ஆதாரம். மனுசன் பாவம், தபால்காரர் நீட்டின அட்டையில கையெழுத்துப் போட்ட கையோட ரெண்டு பெயிண்டரை உப்புத்தாளும் கையுமாக் கூட்டிட்டு வந்துட்டாரு. "தம்பி, ஒரே நாள்ல சுத்தமாத் தேச்சு எடுத்துப் புதுசா அடிச்சிருவோம்"னாரு. நான் வாசல்ல குறுக்க நின்னுட்டேன். உள்ள விடல. வறட்டுத் தேய்ப்புத் தேச்சா அம்புட்டும் தூசியாப் பறந்து வீடு பூராப் படியும், இன்னும் மோசம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. தண்ணி தெளிச்சு, தார்ப்பாய் விரிச்சு, வீட்டாளுகளை வேற எடத்துல தங்க வெச்சுத்தான் செய்யணும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு. தேச்சுட்டா எங்கிட்ட என்ன இருக்கும்? ஜன்னல்தானே சாட்சி.

அண்ணாச்சி யோசிச்சுட்டு, சரி, எம் மச்சினன் வீடு ஐயர் பங்களா ஏரியாவுல புதுசாக் கட்டினது காலியாக் கெடக்கு, இதே வாடகைக்கு அங்க போயிருங்க, இங்க வேலையை நீங்க சொல்றபடி நிதானமாப் பாக்கலாம்னாரு. வண்டிக்கூலியும் அவரேன்னாரு. அப்படிக் கேக்கும்போது எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க. அது கருணை. நான் கருணைக்கா மனு போட்டேன்? செய்யத் தவறினது அவரு கடமை, எனக்கு வேண்டியது உரிமை. எழுத்துல ஒத்துக்கிட்டுச் செய்யட்டும், இன்னிக்கே போறேன்னேன். எழுத்துலன்னதும் அவரு மகன் உள்ள புகுந்தான். கையெழுத்துப் போட்டா நாளைக்கு வேற எதுலயாவது மாட்டிக்குவோம்னு அப்பனைத் தடுத்துட்டான். முடிஞ்சு போச்சு.

வாசுகி எனக்குத் தெரியாம அந்த ஐயர் பங்களா வீட்டைப் போயிப் பாத்துட்டு வந்திருக்கா. ரெண்டு நாள் கழிச்சுச் சோறு போடும்போது சொல்றா, "அங்க ஜன்னல் அலுமினியம்ங்க." அம்புட்டுத்தான் சொன்னா. நான் சட்டத்தை விளக்கமாச் சொன்னேன். புதுப் பெயிண்ட்டுல ஈயம் இருக்கக் கூடாதுன்னு விதி வந்துருச்சு, பழைய சுவத்துல இருக்கிறதுக்கு யாரு பொறுப்புன்னு பளிச்சுன்னு ஒரு வரி எங்கயும் இல்ல, அந்த ஒரு வரியை நாம வாங்கிக் குடுத்துட்டா எத்தனை பிள்ளைகளுக்கு நல்லதுன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. எழிலுக்கு ஊட்டிக்கிட்டே கேட்டா.

இது சிலைமான் தாண்டிருச்சுல்ல? சரி.

வாடகை அதிகாரிகிட்ட மனுப் போட்டேன். நேர்ல வந்து பாக்குறோம்னு தேதி குடுத்தாங்க. அந்தத் தேதிக்கு மந்திரி வந்துட்டாரு, வரல. மறு தேதிக்கு ஜீப்பு இல்ல. மூணாவது தேதிக்கு அந்த அதிகாரிக்கே மாறுதல் வந்துருச்சு. அதுவரைக்கும் எடம் அப்படியே இருக்கணும் இல்லையா? உதிர்ந்தது உதிர்ந்தபடி இருந்தாத்தானே வர்றவருக்கு நிலைமை தெரியும்? வாசுகி காலையில ஈரத்துணியும் வாளியுமா ஜன்னல்கிட்ட உக்காந்துருவா. ஒரு நாள் வாளியப் புடுங்கி வெச்சுட்டேன். தேதி போட்டு எடுத்து வெக்காம ஒரு பொருக்கைத் துடைக்கக் கூடாதுன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிப் போச்சு, ஒத்துக்கிறேன்.

பிள்ளை அந்தப் பக்கம் போகுமேன்னு எனக்கு மட்டும் நினைப்பு இல்லையாண்ணே? அதுக்கும் ஏற்பாடு பண்ணினேன். ரெண்டு ஜன்னலுக்குக் கீழயும் சாக்பீஸால கட்டம் போட்டு, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது எழிலுன்னு சொன்னேன். தலையாட்டுச்சு. சாயங்காலம் வந்து பாக்குறேன், கட்டத்துக்குள்ள ஓட்டாஞ்சில்லைப் போட்டு நொண்டி அடிச்சிக்கிட்டிருக்கு. அப்பா பாண்டிக்கட்டம் வரைஞ்சு குடுத்திருக்காருன்னு நினைச்சிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாசுகி சிரிக்கல. அந்த வீட்ல சிரிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தோம். முப்பத்திநாலு. ரிப்போர்ட்டை வாங்கிட்டு நேரா அதிகாரி ஆபீஸுக்குத்தான் போனேன். புதுசா வந்த கிளார்க்கு, சின்னப் பையன், படிச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டான். பதினாலு வருசத்துல ஒரு இணைப்பைப் பாத்து ஒருத்தன் எந்திரிச்சு நின்னு நான் பாத்ததில்ல. வீட்டுக்கு வந்து வாசுகிகிட்ட, முப்பத்திநாலு, கேஸுக்கு நல்ல பலம்னு சொன்னேன். அவ எம் மொகத்தையே பாத்தா. எம் மொகத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?

நாலாம் நாள் கடையில இருந்து வந்தா வீடு பூட்டிக் கெடக்கு. சாவி மாடி வீட்ல. ரெண்டு பை, பிள்ளை, அடுக்களையில இருந்த ஈயச் சொம்பு, அம்புட்டுந்தான் எடுத்திருக்கா. எம் ஃபைலை மேசை மேல அடுக்கி, பறக்காம இருக்க மேல உப்புச் சாடியை வெச்சிருந்தா. போன் பண்ணினேன். "நீங்க ஜெயிச்சிட்டு வாங்க. நாங்க இங்க இருக்கோம்"னா. எம்புட்டுப் புரிஞ்சிக்கிட்ட பொண்டாட்டி பாருங்க. வேற ஒருத்தியா இருந்தா வக்கீலை வெச்சிருப்பா.

ஆனா கேஸுல அடி விழுந்தது அந்தச் சொம்பாலதான். அண்ணாச்சி மகன் ஒரு வக்கீலைப் புடிச்சு பதில் போட்டான். பிள்ளை ஒடம்புல ஈயம் ஏறினது ஜன்னலால இல்ல, அவங்க வீட்டு ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடுத்ததாலன்னு. அந்தச் சொம்பு வாசுகிக்கு அவ அம்மா குடுத்தது, நல்ல வெள்ளீயம். ஜன்னல்ல இருக்கிறது காரீயம், அது விஷம். ரெண்டும் வேற வேறன்னா, சொம்பு செய்யிறவன் கலப்படம் பண்ணியிருந்தான்னா என்ன செய்வீங்கன்னு வக்கீலு கேக்குறான். கொஞ்ச நாள் எனக்குச் சோறு எறங்கல.

அப்பத்தான் போன மாசம் வாசுகி ஒரு போட்டோ அனுப்பினா. எழிலுக்கு அங்கிட்டே டெஸ்ட் எடுத்திருக்கா. பத்தொம்பது. முப்பத்திநாலுல இருந்து பத்தொம்பது. அங்கயும் தினம் அதே சொம்புல ரசந்தான். அப்ப என்ன அர்த்தம்? சொம்பு இல்ல, வீடுதான். நான் கடையில உக்காந்து சத்தம் போட்டு அழுதுட்டேன்ணே. பிள்ளைக்கு எறங்குதேன்னு அழுதேன். கேஸுக்குன்னு நினைச்சிராதீங்க. கேஸு ஞாபகம் பெறகுதான் வந்துச்சு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போயிப் பாத்தேன். பஸ்ஸை விட்டு எறங்குறேன், தூரத்துல இருந்து ஓடி வருது. நடக்கவே சோம்பிக் கெடந்த பிள்ளை, செருப்பு கழண்டு ஒரு பக்கம் கெடக்க, ஓடி வருது. அங்கனயே ஒரு ஸ்கூல்ல சேத்து விட்டிருக்கா, என்னைக் கேக்காம. ஈ வரைக்கும் இல்ல, ஔ வரைக்கும் எழுதுது. தூக்கி வெச்சுக்கிட்டு, நம்ம வீட்டுக்குப் போவமா எழிலுன்னேன். "எந்த வீட்டுக்குப்பா? வயித்து வலிக்கிற வீட்டுக்கா?"ன்னுச்சு.

பாத்தீங்களா? அஞ்சு வயசுப் பிள்ளை. யாரும் சொல்லிக் குடுக்கல. அதை அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம, மனுவுல பன்னெண்டாவது பத்தியாச் சேத்துட்டேன்.

போன வாரம் வாய்தா. புது அதிகாரி நிதானமாத்தான் கேட்டாரு. பிள்ளை இப்ப அங்க குடியில்லையே, அப்புறம் பாதிப்பு யாருக்குன்னாரு. பத்தொம்பதைக் காட்டினேன். மருந்து குடுத்திருப்பீங்க, கீரை முட்டை குடுத்திருப்பீங்க, அதுலயும் எறங்கியிருக்கலாமே, வீடுதான் காரணம்னு இதுல எங்க இருக்குன்னாரு. சித்திரைத் திருவிழா கழிச்சுப் பாக்கலாம்னு தேதி போட்டாரு. ரெண்டு மாசம். வெளிய வந்து படியில உக்காந்தேன். ரெண்டு மாசம், ரெண்டு மாசம்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. சட்டுன்னு வெளங்கிருச்சு.

சொம்பு பார்த்திபனூர்லயே இருக்கட்டும். மருந்து, கீரை, முட்டை எல்லாம் அங்க எப்படியோ அப்படியே இங்கயும் குடுப்போம். பிள்ளை மட்டும் சிம்மக்கல் வீட்ல ரெண்டு மாசம் இருக்கட்டும். இருந்துட்டு ரத்தம் எடுத்தா நம்பரு சொல்லிரும். சொம்பு இல்ல, சாப்பாட்டுல மாத்தம் இல்ல, ஜன்னல் ஒண்ணுதான் வித்தியாசம். எந்த வக்கீலு என்ன பேச முடியும்? கொஞ்சம் ஏறும். அது தெரியாம இல்ல. ஏறினது எறங்கும்னுதான் பாத்துட்டோமே. முப்பத்திநாலு பத்தொம்பதாச்சுல்ல? தீர்ப்பு வந்த அன்னிக்கே மூணு பேரும் ஐயர் பங்களாவுக்குப் போயிருவோம். அந்த வீடு இன்னும் காலியாத்தான் கெடக்காம், விசாரிச்சு வெச்சிருக்கேன்.

டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லல. அவங்க படிச்சவங்க, ஆனா சட்டம் தெரியாது.

வாசுகிகிட்டயும் இந்த விளக்கமெல்லாம் சொல்லல. ஜன்னல் வேலை முடிஞ்சிருச்சு, வீடு சுத்தமா இருக்குன்னு போன்ல சொன்னேன். ஒரு பேச்சுக்கு. அவ நெசமாவான்னு மூணு தடவை கேட்டா. மூணாவது தடவை அழுதா. அன்னிக்கே ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டா. என்னைய அம்புட்டு நம்புறாண்ணே. முடியப் போற வேலைதானே, முடிஞ்சிருச்சுன்னா என்ன? எழுத்துல குடுத்தாத்தான் அது பொய். எனக்கு மட்டும் பாசம் இல்லையா? நாலு மாசமா அந்த ஜன்னல்கிட்டத் தனியா உக்காந்து சோறு திங்கிறேன். வெளிய ஐஸ்காரர் மணியடிச்சா, பாப்பா எங்கன்னு கேக்குறாரு.

நீங்க என்னண்ணே, பேசாமலே வர்றீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கேக்குறது நியாயமா இல்லையா?

அந்தா, வந்துருச்சு. கண்டக்டர், பார்த்திபனூர் இறக்கம் இருக்கு. டீக்கடைக்கு முன்னால நிக்கிறாங்க பாருங்க, மஞ்சக் கவுனு. தோள்ல ஸ்கூல் பையி வேற. எறங்கினதும் ஓடி வரும். செல்லை எடுத்து வெச்சுக்கிறேன், இருங்க. இன்னிக்கு ஓடி வர்றதை விடாம எடுத்துரணும். ரெண்டு மாசம் கழிச்சு, கூப்பிட்டாலும் எந்திரிக்காம வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்ல, அதையும் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கல்லு மனசுக்காரனும் அசைஞ்சு குடுப்பான்.

எங்க, அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. நிமித்தி, நிமித்தி.

என்னண்ணே? கையை விடுங்க. பிள்ளை நிக்கிது, கையை விடுங்கண்ணே.